மஞ்சள் விளக்கின் கணக்கு

கொச்சியின் வடக்குப் பக்கத்தில் சேரானல்லூர் சந்திப்பு. களமசேரியில் பிரிந்து வல்லார்பாடம் துறைமுக முனையத்துக்கு ஓடும் கன்டெய்னர் ரோடும், எடப்பள்ளியிலிருந்து வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 66-உம் சந்திக்கும் இடம். இப்படிப்பட்ட ஒரு சந்திப்பை நோக்கி மூன்று வண்டிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்கூட்டர், ஒரு கார், பக்கத்து வரிசையில் நாமக்கல் பதிவெண் கொண்ட ஒரு டிரெய்லர் லாரி. பச்சை அணைந்து மஞ்சள் எரிகிறது. ஸ்கூட்டர் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு பாய்கிறது. கார், டயர் தேய நிற்கிறது. லாரி வேகத்தைக் குறைக்கப் பார்த்து, முடியாமல், ஹாரனை அழுத்தியபடி சிவப்பிலேயே கடந்துபோகிறது.

பார்த்து நிற்பவர்கள் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: ஸ்கூட்டர்காரருக்கு அவசரம், கார்க்காரர் ஒழுங்கானவர், லாரிக்காரருக்குத் திமிர். மூன்று பேரும் பார்த்தது ஒரே விளக்கு, ஒரே நொடியில். அப்படியானால் வித்தியாசம் ஒழுக்கத்தில் மட்டும்தானா?

பாதி மட்டும்தான். மீதிப் பாதி இயற்பியல். அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டால், சிக்னலில் யாரைத் திட்டலாம், யாருக்கு வழி விடவேண்டும் என்பதே மாறிப்போகும்.

வல்லார்பாடம் போகும் சாலையை இதற்குத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை வல்லார்பாடம் தீவுக்காரர்களுக்கு எர்ணாகுளம் போக படகுதான் கதி. உயர்நீதிமன்றப் பக்கத்திலிருந்து போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் என்று தீவு தீவாகத் தாவிச் செல்லும் அந்தப் பாலங்கள் வந்த பிறகு ஸ்கூட்டர்களும் பேருந்துகளும் வந்தன. 2011 பிப்ரவரியில் பன்னாட்டு கன்டெய்னர் முனையத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதற்காகவே போடப்பட்ட சாலைதான் தேசிய நெடுஞ்சாலை 966ஏ. சுமார் 17 கிலோமீட்டர் நீளம். கோவை, திருப்பூர் பக்கத்துச் சரக்கில் ஒரு பகுதியும் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி இந்த வழியாகக் கப்பலேறுகிறது. ஆக, கைப்பையோடு வேலைக்குப் போகும் பெண்ணின் ஸ்கூட்டரும், மொத்தம் நாற்பது டன் எடையோடு வரும் லாரியும் ஒரே விளக்கின் கீழ் நிற்கும் சாலைகள் இவை. சிக்னலின் அறிவியலைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

மஞ்சள் விளக்கு சிக்னலோடு பிறந்ததல்ல. 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்துக்கு வெளியே நட்ட உலகின் முதல் சிக்னல், கேஸ் விளக்கில் எரிந்தது. சிவப்பு, பச்சை, அவ்வளவுதான். சில வாரங்களிலேயே கேஸ் கசிந்து வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார். 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வந்த மின்சார சிக்னலிலும் இரண்டே நிறம். விளக்கு மாறப்போகிறது என்பதைச் சொல்ல ஒரு பஸ்ஸர் ஒலித்தது. கார்கள் பெருகி இரைச்சல் கூடியபோது ஒலி போதவில்லை. 1920-இல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ், ரயில்வே சிக்னலைப் பார்த்து மூன்றாவது நிறத்தைச் சேர்த்தார். "மாறப்போகிறது, தயாராகு" என்பதுதான் அதன் செய்தி. இன்றைய விதியும் ஏறக்குறைய அதுவே: மஞ்சள் விழுந்தால் நிறுத்தக் கோட்டுக்கு முன் நில், பத்திரமாக நிற்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டிருந்தால் மட்டும் கடந்துபோ.

படிக்க எளிமையான விதி. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1960-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டெனோஸ் காஸிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மாரடூடின் ஆகிய மூவர் மஞ்சள் விளக்கைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இவர்களில் ஹெர்மனை வேறொரு காரணத்துக்காகவும் உலகம் அறியும். பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் இன்றும் பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும், அதன் அளவு தனிச்சுழிக்கு மேல் சுமார் 5 பாகை இருக்கும் என்று 1948-இல் ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து கணித்தவர் அவர். அந்தக் கதிர்வீச்சு பின்னால் கண்டுபிடிக்கப்பட்டு, கண்டுபிடித்தவர்களுக்கு 1978-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிரபஞ்சத்தின் பிறப்பை ஆராய்ந்த மூளை, தெருமுனைச் சிக்னலையும் அதே மரியாதையோடு ஆராய்ந்தது என்பது கவனிக்க வேண்டிய சேதி.

அந்த மூவர் கேட்ட கேள்வி இது: விதியை மதிக்க முழுமனதோடு விரும்பும் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், மஞ்சள் விழும் கணத்தில் அவர் எந்த இடத்தில் இருந்தாலும் விதியை மதிக்க அவரால் முடியுமா?

இரண்டு தூரங்களைக் கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும். முதலாவது, நிற்கத் தேவைப்படும் தூரம். மஞ்சளைக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நேரம் ஆகும். இதை எதிர்வினை நேரம் என்பார்கள். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அறிய, சாலையில் 87 வண்டிகளைக் கவனித்து அளந்தார்கள், சராசரி 1.14 விநாடி வந்தது. கணக்கின் வசதிக்கு ஒரு விநாடி என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் அந்த ஒரு விநாடியில், பிரேக்கே பிடிக்காமல், 14 மீட்டர் ஓடிவிடுகிறது. பிறகு, உள்ளே இருப்பவர்கள் முன்னால் சாயாத அளவுக்குப் பிரேக் பிடித்தால் இன்னும் 32 மீட்டர். மொத்தம் 46 மீட்டர்.

இரண்டாவது, மஞ்சள் எரியும் நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தூரம். மஞ்சள் 3 விநாடி எரிவதாக வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் 42 மீட்டர்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோட்டிலிருந்து 46 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் நிம்மதியாக நிற்கலாம். 42 மீட்டருக்குள் இருப்பவர் நிம்மதியாகக் கடக்கலாம். 44-ஆவது மீட்டரில் இருப்பவர்? நிற்கப் போனால் கோட்டைத் தாண்டித்தான் நிற்பார். போகப் போனால் சிவப்பில்தான் நுழைவார். அவர் இருதலைக் கொள்ளி எறும்பு. ஆய்வாளர்கள் இந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் தவிப்பு மண்டலம் எனலாம். விதியை மதிக்கும் நல்லவரையும் குற்றவாளியாக்கும் நான்கு மீட்டர் அது.

இந்த நான்கு மீட்டர் எல்லா வேகத்திலும் நான்கு மீட்டராக இருப்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 63 மீட்டர் வேண்டும். கடக்கக் கிடைப்பது 50 மீட்டர்தான். தவிப்பு மண்டலம் 13 மீட்டராக நீண்டுவிடுகிறது. 40 கிலோமீட்டருக்குக் குறைத்தால்? நிற்க 32 மீட்டர், கடக்க 33 மீட்டர். தவிப்பு மண்டலமே காணாமல் போகிறது. எங்கிருந்தாலும் ஏதாவது ஒரு சரியான வழி இருக்கிறது. காரணம், வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது எதிர்வினைத் தூரம் ஒன்றரை மடங்குதான் கூடும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ இரண்டேகால் மடங்கு கூடிவிடும்.

ஆகவே, சிக்னல் நெருங்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்பவர் பயந்தாங்கொள்ளி இல்லை. மஞ்சள் விழுவதற்கு முன்பே அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டவர். பச்சையைப் பார்த்ததும் "மாறுவதற்குள் பிடித்துவிடலாம்" என்று வேகம் கூட்டுபவர், இல்லாத தவிப்பு மண்டலத்தைத் தானே உண்டாக்கி அதற்குள் போய் மாட்டிக்கொள்கிறார்.

இதில் சாலைப் பொறியாளர்களின் பொறுப்பும் உண்டு. அந்தச் சாலையில் வண்டிகள் உண்மையில் போகும் வேகத்துக்கு ஏற்ப மஞ்சளின் நேரத்தை அமைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2013-இல் ஒரு பெண்மணிக்குச் சிவப்பைத் தாண்டியதாகக் கேமரா வழியே அபராதம் வந்தது. அவருடைய கணவர் மாட்ஸ் ஜார்ல்ஸ்ட்ராம் மின்னணுவியல் படித்தவர். கணக்கைப் போட்டுப் பார்த்து, பழைய கணக்கு நேராகப் போகிறவருக்கு மட்டுமே பொருந்தும், திரும்புவதற்காக வேகம் குறைப்பவருக்குக் கூடுதல் மஞ்சள் தேவை என்று சொன்னார். உரிமம் இல்லாமல் பொறியியல் பேசினார் என்று மாநில வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது. அவர் நீதிமன்றம் போய் வென்றார். 1960-இல் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவரான மாரடூடின் அவர் பக்கம் நின்றார். 2020-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பு வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அவருடைய திருத்தம் இடம்பெற்றது. திரும்பும் வண்டிகள் நிறைந்த நம் ஊர்ச் சந்திப்புகளிலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

இனி லாரிக்கு வருவோம். இதுவரை போட்டதெல்லாம் காரின் கணக்கு.

ஒரு நாற்பதடிக் கன்டெய்னர், சரக்கோடு சேர்த்து 30 டன்னுக்குச் சற்று மேல்வரை இருக்கலாம். இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் தனி எடை. எடை அதிகமானால் நிற்க நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பள்ளியில் கவனமாக இயற்பியல் படித்த பிள்ளை இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கும். எடை கூடினால் டயர் சாலையை அழுத்தும் விசையும் கூடுமே, உராய்வும் அதே அளவு கூடுமே, அப்படியானால் நிற்கும் தூரம் மாறக் கூடாதே?

ஏட்டுக் கணக்குக்கு அது சரி. சாலையில் மூன்று விஷயங்கள் குறுக்கே வருகின்றன. லாரி டயரின் ரப்பர், பல்லாயிரம் கிலோமீட்டர் தேயாமல் உழைப்பதற்காகக் கெட்டியாகச் செய்யப்படுவது. கார் டயரைப் போல அது சாலையைப் பற்றுவதில்லை. அடுத்து, காரில் பிரேக்கை இயக்குவது எண்ணெய்; மிதித்த கணத்திலேயே பிடிக்கும். கனரக லாரியில் இயக்குவது அழுத்தப்பட்ட காற்று. அது குழாய் வழியே கடைசி அச்சுவரை போய்ச்சேர ஏறக்குறைய அரை விநாடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை விநாடியில் லாரி ஏழு மீட்டர் ஓடிவிடும். மூன்றாவதுதான் முக்கியமானது. டிரெய்லர் ஓட்டுநர் தன் பிரேக்கின் முழுப் பலத்தையும் பயன்படுத்தத் துணியமாட்டார். திடீரென்று அழுத்தினால் பின்னால் இருக்கும் டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் மடங்கிவிடக்கூடும், சரக்கு நகரக்கூடும். புதுவைப்பு எரிவாயு முனையத்துப் பக்கம் போய்வரும் டேங்கர் என்றால் உள்ளே இருக்கும் திரவம் அலையாக எழுந்து முன்சுவரில் மோதும்.

இதையெல்லாம் சேர்த்து அதே 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், சரக்கேற்றிய லாரி நிதானமாக நிற்க ஏறக்குறைய 69 மீட்டர் வேண்டியிருக்கும். கடக்கக் கிடைப்பதோ காருக்குக் கிடைத்த அதே 42 மீட்டர். தவிப்பு மண்டலம் 27 மீட்டர்! காருக்கு நான்கு மீட்டராக இருந்தது லாரிக்குக் கிட்டத்தட்ட ஏழு மடங்காகிவிடுகிறது. மழைக்காலம் என்றால் இன்னும் மோசம். ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊர் கொச்சி. ஈரச் சாலையில் முன்வண்டியோடு இருமடங்கு இடைவெளியாவது விடச் சொல்கிறது பிரிட்டனின் சாலை விதிநூல்.

சிவப்பைத் தாண்டிய லாரிக்கு இது மன்னிப்பு அல்ல. அந்த ஓட்டுநர் சந்திப்பை 50-இல் நெருங்கியிருக்கவே கூடாது. அனுபவப்பட்ட டிரெய்லர் ஓட்டுநர்கள் தொலைவிலேயே கியரைக் குறைத்து, முன்னால் ஒரு பெரிய இடைவெளி விட்டு உருண்டுவருவது அதனால்தான்.

அந்த இடைவெளிக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டும். லாரிக்கு முன்னால் முப்பது மீட்டர் காலியாக இருப்பதைப் பார்த்ததும் பக்கத்து வரிசைக் கார் அதற்குள் நுழைகிறது. அதற்கு முன்னால் ஓர் ஆட்டோ. இரண்டுக்கும் நடுவே இரண்டு பைக்குகள். நுழைகிறவர்கள் அதைக் காலி இடம் என்று நினைக்கிறார்கள். அது காலி இடம் இல்லை. அந்த லாரியின் பிரேக் அது. உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் லாரியின் பிரேக்கிலிருந்து சில மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நொடி மஞ்சள் விழுந்து கார் சட்டென்று நின்றால், லாரிக்குக் கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. சிக்னலை நெருங்கும்போது கனரக வண்டியின் முன்னால் புகாமல் இருப்பது பெருந்தன்மைக்காகச் செய்யும் காரியம் மட்டுமல்ல; பின்னாலிருந்து நசுங்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

பின்னாலிருந்து மோதும் ஆபத்து கற்பனை இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறை 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிவப்பைத் தாண்டுவோரைப் பிடிக்கும் கேமராக்கள் வைத்த 132 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். குறுக்கே வந்து மோதும் விபத்துகள் சுமார் 25 விழுக்காடு குறைந்திருந்தன. பின்னாலிருந்து மோதுவது சுமார் 15 விழுக்காடு கூடியிருந்தது. அபராதத்துக்குப் பயந்து முன்வண்டி நின்றது. ஒட்டிக்கொண்டு வந்த பின்வண்டியால் நிற்க முடியவில்லை. குறுக்கு மோதல்தான் அதிகம் உயிர் பறிப்பது என்பதால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கேமராவால் நன்மையே. கேரளமும் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியது; அவற்றில் 18 சிவப்பைத் தாண்டுவோருக்கானவை. கேமரா, முன்வண்டியை நிறுத்திவிடும். பின்வண்டிக்காரரின் இடைவெளியை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சிவப்பு பச்சையாக மாறும் கணம். இங்கே நடக்கும் அநியாயம் ஹாரன்.

பச்சை விழுந்து அரை விநாடி ஆகியிருக்காது. பத்தாவது வண்டியிலிருந்து ஒலி கிளம்பிவிடும். பத்தாவது வண்டி ஏன் நகரவில்லை என்பதை 1947-இலேயே புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் சந்திப்புகளைப் படம்பிடித்து அளந்துவிட்டார்கள். வரிசை ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே சீராக இரண்டு விநாடி சொச்சம் ஆகிறது. முதல் சில வண்டிகளுக்கு மட்டும் அதைவிடக் கூடுதல் நேரம். இதைக் கிளம்பும் தாமதம் எனலாம். வல்லார்பாடம் ரயில் பாதையில் கன்டெய்னர் ஏற்றிய சரக்கு ரயில் கிளம்புவதைக் கவனித்தால் விஷயம் விளங்கும். எஞ்சின் இழுத்ததும் எல்லாப் பெட்டியும் ஒன்றாக நகராது. 'டக், டக்' என்று ஒவ்வோர் இணைப்பாக இறுகி, இழுப்பு பின்னோக்கிப் போகும். சிக்னல் வரிசையிலும் புறப்பாடு ஓர் அலையாகத்தான் பின்னால் வருகிறது. முன்னால் இருப்பவர் நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் அடுத்தவர் நகர முடியும்; அதுவரை பத்தாவது வண்டிக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். ஹாரன் அந்த அலையின் வேகத்தைத் துளிகூடக் கூட்டுவதில்லை.

2020 ஜனவரியில் மும்பை போலீஸார் வெளியிட்ட காணொளி ஒன்று பலருக்கு நினைவிருக்கும். சில சிக்னல்களில் ஒலி அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒலி எழுப்பினால் இன்னும் காத்திரு என்பதே ஏற்பாடு. அறிவியல்படிப் பார்த்தாலும் நியாயமான தண்டனைதான்.

ஹாரன் அடிப்பது எரிச்சலோடு போகும். பச்சை விழுவதற்கு முன்பே நகர்வதுதான் உயிரோடு விளையாடுவது. சிவப்பில் நின்றுகொண்டே குறுக்குச் சாலையின் விளக்கை எட்டிப்பார்த்து, அங்கே மஞ்சள் விழுந்ததும் இங்கே கிளம்பிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஒரு பக்கம் சிவப்பான பிறகு மறுபக்கம் பச்சையாவதற்குள், எல்லாப் பக்கமும் சிவப்பாக எரியும் ஒரு சிறு இடைவெளியைப் பொறியாளர்கள் விடுகிறார்கள். முழுச் சிவப்பு என்று அதைச் சொல்லலாம். மஞ்சளின் கடைசி நொடியில் நியாயமாக நுழைந்த வண்டி வெளியேறுவதற்கான நேரம் அது. சந்திப்பு 25 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் லாரியின் நீளம் ஏறக்குறைய 16 மீட்டர். அதன் வால் வெளியேற வேண்டுமென்றால் மூக்கு 41 மீட்டர் போயாக வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் லாரிக்கு அதற்கு ஏழு விநாடிக்கு மேல் ஆகும். முழுச் சிவப்பு அவ்வளவு நேரம் நீடிக்காது. ஆகவே பச்சை எரிவது சந்திப்பு காலியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல. உள்ளே இருக்கும் வண்டி வெளியேறிய பிறகு நுழைவதற்கான அனுமதி மட்டுமே அது. இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்ப ஒரு விநாடி போதும்.

எதிர்ப்பக்கம் இடமில்லாதபோது பச்சை எரிகிறது என்பதற்காக நடுவில் போய் நிற்பதும் இதே வகைத் தவறு. அப்படி நிற்கும் இரண்டு வண்டிகள் போதும், குறுக்குச் சாலை முழுவதும் பூட்டிக்கொள்ள. பிரிட்டன் 1967-இல் சந்திப்புகளின் நடுவே மஞ்சள் கட்டங்களை வரையத் தொடங்கியது இதற்காகத்தான். வெளியேற இடம் இருந்தால் மட்டுமே கட்டத்துக்குள் நுழையலாம் என்பது விதி.

நடந்து கடப்பவரின் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. செப்டம்பரில் வல்லார்பாடம் மாதா பசிலிக்காவின் திருவிழாக் காலத்தில், இந்தச் சாலைகளில் முதியவர்களும் குழந்தைகளும் கூட்டமாக நடந்து வருவார்கள். ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற அடிப்படையில்தான் பல நாடுகளில் நடப்பவர்களுக்கான விளக்கு அமைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களை அளந்து பார்த்த ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர். 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க விளக்கு ஒரு பாட்டிக்குத் தருவது 12 விநாடி. அவருக்குத் தேவைப்படுவது பதினேழரை. மிச்சம் ஐந்தரை விநாடியை அவருக்குத் தரவேண்டியவர், கோட்டில் நிற்கும் ஓட்டுநர். கோட்டைத் தாண்டி வரிக்குதிரைக் கோடுகளின் மேல் முன்சக்கரத்தை வைத்து நிற்பவர், அந்தப் பாட்டியைச் சுற்றிக்கொண்டு போகச்செய்து அந்த நேரத்தை இன்னும் கூட்டிவிடுகிறார்.

கடைசியாக, கன்டெய்னர் லாரிக்கும் பைக்குக்கும் இடையே உள்ள வடிவியல். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள்.

சிவப்பில் லாரி நிற்கிறது. அதன் இடப்பக்கம், நடைபாதைக்கும் லாரிக்கும் நடுவே, ஒரு பைக் போகும் அளவுக்குச் சந்து இருக்கிறது. பைக்காரர் அதில் நுழைந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். அவருக்கு லாரியின் கதவு தலைக்கு மேலே தெரிகிறது. ஓட்டுநரோ வலப்பக்கம், இரண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவின் அடியில் இருப்பது அவர் கண்ணுக்கும் படாது, பல கோணங்களில் கண்ணாடிக்கும் படாது. லண்டன் மாநகரம் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநரின் கண்ணுக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று தரம் பிரித்து, 2021 மார்ச் முதல் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அந்த அளவுக்கு இந்தக் குருட்டுப் பகுதி உயிர் குடித்திருக்கிறது.

பச்சை விழுகிறது. லாரி இடப்பக்கம் திரும்பவேண்டும். நீளமான வண்டி என்பதால் ஓட்டுநர் முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கி, அகலமாக வளைக்கிறார். இடப்பக்கச் சந்து அகலமாவதைப் பார்க்கும் பைக்காரர், லாரி வழி விடுகிறது என்று நினைத்து முன்னேறுகிறார். ஆனால் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு, நடைபாதையை ஒட்டி வருகின்றன. வண்டி எவ்வளவு நீளமோ, வளைவு எவ்வளவு குறுகலோ, அவ்வளவுக்கு இந்த உள்தடம் உள்ளே தள்ளும். அகலமாகத் தெரிந்த சந்து சில விநாடிகளில் இல்லாமல் போகிறது. பைக்காரருக்கு ஒரு பக்கம் நடைபாதைக் கல், மறுபக்கம் சக்கரம். இதில் லாரிக்காரர் விதி எதையும் மீறவில்லை என்பதுதான் கொடுமை.

இருசக்கர வண்டியில் போகிறவர்களே, சிக்னலில் நிற்கும் டிரெய்லரின் இடப்பக்கம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அதற்குள் நுழையாதீர்கள். பின்னால் நில்லுங்கள், ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் நீங்கள் அவருக்குத் தெரிவீர்கள்.